பக்கத்துப் பக்கத்தில் 2 பியானோ: ஜாஸ் மேதைகளைப் பேசவைத்த வானொலி நிகழ்ச்சி

பெரிய இசைக்கலைஞர் ஒருவரிடம் "எப்படி இவ்ளோ அழகா வாசிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

அதே கேள்வியை அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பியானோவில் உட்கார்ந்துகொண்டு கேட்டால்?

வாயால் சொல்ல வராததை அவர் வாசித்தே காட்டிவிடுவார். இந்த எளிமையான யோசனையில் உருவானதுதான் 'பியானோ ஜாஸ்'.

அது என்ன நிகழ்ச்சி?

அமெரிக்காவின் என்பிஆர் பொது வானொலியில் 1979இல் ஒலிபரப்பாகத் தொடங்கிய நிகழ்ச்சி. தயாரித்தது தென் கரோலினா மாநிலத்தின் பொது வானொலி. படைப்பாளர் மரியன் மெக்பார்ட்லண்ட்.

ஒவ்வொரு வாரமும் ஒரு விருந்தினர். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் வாசிப்பு, பிறகு இருவரும் சேர்ந்து ஒரு டூயட். அவ்வளவுதான்!

700க்கும் அதிகமான பகுதிகள் வெளிவந்தன. 30 ஆண்டுகளுக்கும் மேல் மரியனே அதை நடத்தினார்.

யார் இந்த மரியன்?

1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனின் கில்டுஹால் இசைப் பள்ளியில் மேற்கத்திய செவ்விசை படித்தார். ஆனால் மனசு ஜாஸ் பக்கம் போய்விட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக வாசிக்கப் போன இடத்தில், சிகாகோவைச் சேர்ந்த கார்னெட் கலைஞர் ஜிம்மி மெக்பார்ட்லண்டைச் சந்தித்தார். திருமணம் 1945இல். அடுத்த ஆண்டு அமெரிக்கா.

அங்கே வரவேற்பு சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர், வெள்ளையர், பெண். இந்த மூன்றும் இருக்கும்போது ஜாஸில் தேறுவது கடினம் என்ற பொருளில் எழுதினார் பிரபல விமர்சகர் லெனர்ட் ஃபெதர்.

மரியன் விடவில்லை. 1950களில் நியூயார்க்கின் ஹிக்கரி ஹவுஸ் உணவகத்தில் ஆண்டுக்கணக்கில் தம் மூவர் குழுவோடு வாசித்தார். 1958இல் ஹார்லெமில் 57 ஜாஸ் கலைஞர்களை ஒன்றாக நிறுத்தி எடுத்த புகழ்பெற்ற படத்தில் பெண்கள் 3 பேர்தான். அவர்களில் ஒருவர் இவர்!

'பியானோ ஜாஸ்' பதிவு 1978இல் தொடங்கியபோது அவருக்கு வயது 60.

ஒத்திகை இல்லாமல் டூயட் எப்படி?

இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். ரகசியம் இதுதான்:

• ஜாஸ் கலைஞர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர். பாட்டையும் சுருதியையும் முடிவு செய்தால் போதும், ஆரம்பித்துவிடலாம்.

• மெட்டு முடிந்ததும் அதே கார்டு வரிசை திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் ஒருவர் கற்பனையாக வாசிப்பார். மற்றவர் லேசாகக் கார்டுகளைப் போட்டுத் தாங்கிப் பிடிப்பார்.

• சில நேரம் ஆளுக்கு 4 பார் என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் பதில் சொல்வது மாதிரி.

சிக்கல் எங்கே? இரண்டு பியானோவுக்கும் ஒரே 88 கட்டைகள்தான். இருவரும் இடது கையால் கீழ்ஸ்தாயியில் அடித்தால் சத்தம் குழம்பிவிடும். ஒருவர் இறங்கினால் மற்றவர் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மரியனின் பலமும் அதுதான். விருந்தினரின் பாணிக்கு ஏற்பத் தம் வாசிப்பை மாற்றிக்கொள்வார். சில நேரம் அவர்களின் குணத்தையே ஒரு குட்டி இசைச் சித்திரமாக அங்கேயே வாசித்துக் காட்டுவார்.

யாரெல்லாம் வந்தார்கள்?

தொடக்க விருந்தினர்களில் ஒருவர் மேரி லூ வில்லியம்ஸ். அதே ஹார்லெம் படத்தில் மரியனோடு நின்றவர். ராக்டைம் காலத்தைப் பார்த்த யூபி பிளேக் வந்தபோது 90 வயதைத் தாண்டியிருந்தார்.

டேவ் புரூபெக், ஆஸ்கர் பீட்டர்சன், ஹெர்பி ஹேன்காக் என்று பட்டியல் நீளும். பியானோ கலைஞர்கள் மட்டும் இல்லை. டிரம்பட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியும் பாடகி நோரா ஜோன்ஸும்கூட வந்தார்கள்.

ஏன் இன்றும் முக்கியம்?

பில் எவான்ஸ் வந்த பகுதியைச் சொல்லலாம். பதிவானது 1978இல். ஒரு பாடலின் அடிப்படைக் கட்டமைப்பை எப்படிப் பிடிப்பது, அதன்மேல் எப்படிக் கட்டி எழுப்புவது என்று பேசுகிறார், உடனே வாசித்தும் காட்டுகிறார்.

1980இல் அவர் காலமானார். வயது 51. அடுத்த ஆண்டு மேரி லூ வில்லியம்ஸ். 1983இல் யூபி பிளேக்.

அவர்களின் இசைத்தட்டுகள் நமக்கு எப்படியும் கிடைத்திருக்கும். ஆனால் யோசித்து, தயங்கி, "இப்படிப் பாருங்க" என்று சக கலைஞரிடம் விளக்கும் குரல்? அது இதுபோன்ற பதிவுகளில்தான் இருக்கிறது.

மரியன் 2013இல், 95 வயதில் காலமானார்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பில் எவான்ஸ் பகுதி இசைத்தட்டாகவும் வெளிவந்திருக்கிறது. ஜாஸ் உங்களுக்குப் புதுசா? பரவாயில்லை. ஹெட்ஃபோன் போட்டு, முதலில் பேச்சைக் கேளுங்கள். டூயட் வரும்போது யார் யாருக்கு இடம் விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது புரியும்.