ஹிமேஜி: பழுதுபார்த்தே பிழைத்த கோட்டை

ஹிமேஜி ரயில் நிலையத்தின் வடக்கு வாயிலை விட்டு வெளியே வந்ததுமே, அகன்ற சாலை ஒன்றின் மறுமுனையில் கோட்டை தெரிகிறது. நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர், வளைவே இல்லை. இந்த முதல் காட்சியைத்தான் நாம் முதலில் சந்தேகிக்க வேண்டும். வருகிறவனைச் சுற்றவைப்பதும் திணறவைப்பதும்தான் கோட்டை நகரத் தெருக்களின் வேலை. தலைவாசலுக்கு நேராக வழிவிடுவது அல்ல. 1945 ஜூலையில் குண்டுவீச்சில் நகரம் எரிந்த பிறகு போட்ட சாலை இது. நாம் ‘பழைய ஜப்பான்’ என்று பார்ப்பது, 20ஆம் நூற்றாண்டு நமக்குத் திறந்துவைத்த ஒரு சன்னல்.

கோட்டைக்கும் இது பொருந்தும். ஹிமேஜியின் வரலாற்றைப் போர்களின் வரிசையாக எழுதப் போனால் சில பக்கங்களில் முடிந்துவிடும். பழுதுபார்ப்புகளின் வரலாறாக எழுதினால்தான் அது ஏன் இன்னும் நிற்கிறது என்பது விளங்கும்.

ஹிமேயாமா குன்றில் 1333இல் அகாமாட்சு நோரிமுரா ஒரு காவல் அரண் கட்டியதாக மரபு சொல்கிறது. பின்னர் குரோதா குடும்பத்தின் கையில் இருந்த அந்த இடம் 1580இல் படைத்தலைவர் ஹிதேயோஷியிடம் வந்தது. அடுத்த ஆண்டே மூன்று அடுக்கு மாடம் ஒன்று எழுந்தது. அவசரத்தில் கிடைத்த கல்லையெல்லாம் சுவரில் சேர்த்திருக்கிறார்கள். பழங்காலப் புதைமேடுகளின் கல்பெட்டிகள்கூட இன்றும் சுவரில் தெரிகின்றன. ஏழைக் கிழவி ஒருத்தி தன் திரிகைக் கல்லையே கொண்டுவந்து கொடுத்தாள் என்ற கதையும் உண்டு. கம்பிவலைக்குள் இருக்கும் அந்தக் கல்லைக் காட்டாமல் வழிகாட்டிகள் விடுவதில்லை. கதை உண்மையோ இல்லையோ, கல்லுக்குத் தட்டுப்பாடு இருந்தது உண்மை.

இன்றைய உருவம் இகேதா தெருமாசாவினுடையது. 1600இல் செகிகஹாரா போருக்குப் பின், வென்ற தரப்பின் தலைவர் இயெயாசு தன் மருமகனான அவரை இங்கே அமர்த்தினார். மேற்கே இருந்த பிரபுக்கள்மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1601 முதல் 1609 வரை வேலை நடந்தது. புதிய மாடத்துக்கு வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்கு, உள்ளே ஆறு தளம், அதன் கீழே ஒரு நிலவறை. கல்தளத்தோடு சேர்த்து ஏறக்குறைய 46 மீட்டர் உயரம். நிலவறையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பெருந்தூண்கள் ஏறுகின்றன. 1617இல் வந்த ஹோண்டா தடாமாசா மேற்கு வளாகத்தைச் சேர்த்தார். அவருடைய மகனை மறுமணம் செய்துகொண்ட இயெயாசுவின் பேத்தி சென்ஹிமே அங்கே வாழ்ந்தாள். ஒசாகா கோட்டை எரிந்தபோது முதல் கணவனை இழந்தவள் அவள்.

அப்போதைக்குள் கோட்டைகளின் காலமே மாறிவிட்டது. 1615இல் வந்த ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) அரசின் சட்டப்படி, புதுக்கோட்டை கட்டத் தடை. பழையதைப் பழுதுபார்க்கவும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 1619இல் ஹிரோஷிமா கோட்டையை அனுமதியின்றிச் செப்பனிட்டதற்காக ஃபுகுஷிமா மாசானோரி தன் ஆட்சிப்பகுதியையே இழந்தார். சுவரில் விழுந்த விரிசல்கூட அரசியலாக இருந்த காலம் அது. இரண்டரை நூற்றாண்டு அமைதியில் ஹிமேஜியின் உண்மையான எதிரிகள் மழையும், கரையானும், தன் எடையுமே.

எடையைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கட்டிமுடித்த மாடம் தென்கிழக்கே சாய்ந்திருப்பதைப் பார்த்த தலைமைத் தச்சன், உளியை வாயில் கவ்விக்கொண்டு உச்சியிலிருந்து குதித்துவிட்டானாம். மாடம் சாய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் காரணம் தச்சன் அல்ல, தரை. 1956க்கும் 1964க்கும் இடையில் மாடத்தை முழுவதும் பிரித்தபோது, பாரம் தாங்காமல் அடிக்கற்கள் அமிழ்ந்திருந்தது தெரிந்தது. அதே இடத்தில், மண்ணுக்கடியில், ஹிதேயோஷியின் பழைய மாடத்தின் கல்தளமும் வெளிப்பட்டது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் அந்தத் தச்சன்மேல் இருந்த பழி நீங்கியது என்று சொல்லலாம்.

அந்த நாளைக்குக் கோட்டை வந்துசேர்ந்ததே பெரிய காரியம். 1868 உள்நாட்டுப் போரில் கோட்டையை அப்போது ஆண்ட சகாய் குடும்பம் ஷோகுன் பக்கம் இருந்ததால், எதிர்ப்பக்கத்து ஒகயாமா படை வந்து பீரங்கியை வைத்தது. அதற்குத் தலைமை தாங்கியது தெருமாசா வழிவந்த இகேதா குடும்பம். கட்டியவரின் வாரிசுகளே சுட வந்தார்கள். பெரும்பாலும் வெற்று வேட்டுத்தான். கோட்டை பணிந்தது, தப்பியது. பிறகு பிரபுக்களின் ஆட்சி ஒழிந்ததும் ஏலத்தில் 23 யென் 50 சென்னுக்குப் போனது என்று சொல்வார்கள். இடிக்க ஆகும் செலவை எண்ணி வாங்கியவர் விட்டுவிட்டாராம். ராணுவம் வந்து கீழ் வளாகங்களைப் படைமுகாமாக்கியது. மாடத்தைக் காக்க வேண்டும் என்று மேலிடத்தில் வற்புறுத்தியவர் நாகாமுரா ஷிகேதோ என்ற ராணுவ அதிகாரி. கோட்டைக்குள் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

1934இல் பெருமழையில் மேற்கு வளாகத்தின் ஒரு பகுதி சரிந்தது. அதில் தொடங்கிய பெரும் திருப்பணி போரால் தடைபட்டது. வெள்ளைச் சுவர் விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்று கருப்பு வலை போர்த்தினார்கள். 1945 ஜூலைக் குண்டுவீச்சில் மாடத்தில் விழுந்த ஓர் எரிகுண்டு வெடிக்கவில்லை. மறுநாள் காலை நகரம் சாம்பலாகக் கிடக்க, கோட்டை நின்றது.

போருக்குப் பின் தொடர்ந்த திருப்பணியில் மாடத்தின் மேற்குத் தூணை மாற்ற வேண்டியதாயிற்று. கிசோ மலைக்காட்டில் வெட்டிய சைப்ரஸ் மரம் கொண்டுவரும் வழியிலேயே முறிந்தது. அருகே ஒரு கோயில் தோப்பிலிருந்து இன்னொரு மரம் வந்தது; இரண்டையும் ஒட்டித்தான் இன்றைய தூண். ஒட்டுத் தூணா என்று முகம் சுளிக்க வேண்டாம், பழைய தூணும் ஒட்டு போட்டதே. கீழே அடித்தளத்தில் கான்கிரீட் போட்டுவிட்டு, மேலே மரவேலையில் பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சமரசம் எனக்குச் சரியென்றே படுகிறது. 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இப்படிப் பிரித்துக் கோத்த கட்டடத்தைத்தான்.

கடைசித் திருப்பணி 2009இல் தொடங்கியது. சுண்ணாம்பு, கிளிஞ்சல் சாம்பல், சணல் நார், கடற்பாசிப் பசை எல்லாம் கலந்த சாந்தைச் சுவரில் மட்டுமல்ல, கூரை ஓடுகளின் இணைப்புகளிலும் பூசினார்கள். தீ பிடிக்காமல் காப்பதும் அதன் வேலை. 2015 மார்ச்சில் மாடம் மீண்டும் திறந்தபோது ஊரார் திகைத்தார்கள். ‘ஷிராசாகிஜோ’ என்றால் வெண்கொக்குக் கோட்டை. அதைத் திரித்து ‘ஷிரோசுகிஜோ’, அளவுக்குமீறி வெளுத்த கோட்டை, என்று கேலி செய்தார்கள். சாம்பல் படிந்த கூரையைத்தான் அவர்கள் பழையது என்று நினைத்திருந்தார்கள். அது பழமையல்ல, சாந்தில் படர்ந்த பூசணம். சில ஆண்டுகளிலேயே அது திரும்பிவந்து, கூரை ஓடுகளைப் பழைய சாம்பல் நிறத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டது.