பெரியப்பாவின் பதினாறு கலிபர் துப்பாக்கி

பனித்திட்டில் என் பெரியப்பா வீட்டு நிலைப்படிக்கு மேலே ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்கும். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு அவர் கொண்டுவந்த சொத்து அது. குழலின் அடியில் செந்த் எத்தியேன் என்ற ஊரின் முத்திரை. பக்கத்தில் 16, 65 என்று இரண்டு எண்கள். பிரெஞ்சு படிக்கிற பையன் என்று என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். படித்துவிடுவேன். அர்த்தம் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

ஒரு ராத்தல் ஈயத்தை 16 சமமான உருண்டைகளாக்கினால், அதில் ஒன்று சரியாக நுழையும் குழல்தான் 16 கலிபர். பன்னிரண்டாக்கினால் உருண்டை பெரிது, குழலும் பெரிது, அது 12. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும் என்பது பலருக்கு இன்றும் குழப்பம்தான். இங்கிலீஷ்காரர்களுக்கு 12 பிடிக்கும். பிரான்சு நாட்டுக் கிராமத்தானுக்கு 16. நாள் முழுக்க வரப்பில் நடப்பவனுக்குத் தோளில் அரைக் கிலோ குறைந்தாலும் லாபம்தானே!

பெரியப்பாவின் துப்பாக்கி இரண்டே முக்கால் கிலோவுக்குள்தான் இருக்கும். இங்கேதான் தோட்டா விஷயம் வருகிறது. கிரீனர் என்ற இங்கிலீஷ் துப்பாக்கிக்காரர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: தோட்டாவிலுள்ள ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கி கனக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ. 36 கிராம் ரவைக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. லேசான துப்பாக்கியில் கனத்த தோட்டாவைப் போட்டால் பறவைக்கு விழுகிற அடியில் பாதி நம் தோளுக்கு. கணக்குப் படிக்காத பெரியப்பா இதை அனுபவத்தில் அறிந்திருந்தார். 28 கிராமுக்கு மேல் போனதே இல்லை.

கார்த்திகை பிறந்தால் பாகூர் ஏரிப் பக்கம் கிளுவை, நாமக்கோழி எல்லாம் இறங்கும். நடவு வயலில் உள்ளான். உள்ளான் பொடிப் பறவை, கோணல் மாணலாகப் பறக்கும். அதற்குப் பொடி ரவை வேண்டும். பிரெஞ்சு 7-ஆம் நம்பர் ரவை 2.5 மில்லிமீட்டர், 28 கிராமில் சுமார் 300 இருக்கும். 5-ஆம் நம்பர் 3 மில்லிமீட்டர், சுமார் 180தான். வலது குழல் விரித்துப் போடும், இடது குழல் வாய் கொஞ்சம் ஒடுங்கி, தூரத்துக்குச் சேர்த்துப் போடும். அதனால் வலதில் 7, இடதில் 5. முதல் வெடிக்குத் தப்பி எழும்பிய வாத்துக்கு இரண்டாவது. ஒரே நம்பர் என்றாலும் பிரெஞ்சு ரவையும் இங்கிலீஷ் ரவையும் ஒன்றல்ல. இங்கிலீஷ் 6-ஆம் நம்பர் 2.6, பிரெஞ்சு 6-ஆம் நம்பர் 2.75. கூடலூர்க் கடைத் தோட்டாவை வாங்கிவந்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி முணுமுணுப்பார்.

அந்தக் காலத் தோட்டாவுக்குக் காகிதக் கூடு. அடைமழையில் ஊறிப் பருத்துவிட்டால் குழலுக்குள் போகாது, போனால் வெளியே வராது. பெரியம்மாவின் பிஸ்கட் டின்னில் சுட்ட சுண்ணாம்புக் கல்லோடு போட்டு மூடி வைப்பார்கள்.

1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி நம் ஊரை விட்டுப் போனது. கொடி மாறியது எல்லோருக்கும் தெரியும். 16 கலிபர் கார்த்தூஷ் அருகிப் போனது துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். கடையில் கிடைத்ததெல்லாம் 12. பெரியப்பா சுட்ட கூட்டையே திரும்ப நிரப்பினார். கரி மருந்து அளக்கிற கரண்டியால் புகையில்லா மருந்தை அளந்தால் குழல் வெடிக்கும் என்று, அந்த டப்பாவை எங்களைத் தொட விடமாட்டார்.

12 கலிபர் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அதனால் வேறு ஆபத்து. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் லேசான பிரெஞ்சு 12 இருந்தது, அதுவும் 65 அறை. அறுபதுகளின் நடுவில் யாரோ மதராசிலிருந்து 70 மில்லிமீட்டர் தோட்டா, 36 கிராம், வாங்கி வந்து கொடுத்தார்கள். 70 என்பது சுட்ட பிறகு விரிந்த கூட்டின் நீளம். சுடுமுன் வாய் மடிந்து குட்டையாக இருக்கும். ஆகவே 65 அறைக்குள் அழகாகப் போகும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். அதுதான் வினை. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் எகிறும். முதல் நாள் தோள் கன்றியதோடு போயிற்று. சில நாளில் கைப்பிடிக் கட்டை பிளந்து, அவருடைய கட்டைவிரல் எலும்பு நொறுங்கிவிட்டது. பிறகு அவர் ஏர் பிடிக்கவில்லை. நிலத்தை வாரத்துக்கு விட்டார்.

நான் உத்தியோகத்துக்கு வந்தபின் துப்பாக்கி லைசென்ஸ் பதிவேடு சில வருஷம் என் மேசைக்கு வந்தது. பெயர், ஊர், கலிபர், குழல் எத்தனை என்று கட்டம் கட்டமாக எழுதுவேன். அறை 65-ஆ 70-ஆ என்பதற்குக் கட்டமே இல்லை. புதுப்பிக்க வருகிற கிழவர்களிடம் நானாகவே கேட்டுவிடுவேன். 'இது எழுத்தருக்கு எதற்கு?' என்பதுபோல் பார்ப்பார்கள். அந்தக் கட்டைவிரலை நினைத்துக்கொண்டு கேட்டேன்.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் அதைத் திருத்தியபோது, லைசென்ஸ் எடுத்துச் சுட இருந்த வழியும் அடைபட்டது. 2008-இல் ஊசுடேரி சரணாலயமாயிற்று. எனக்கு இதில் வருத்தமில்லை. பெரியப்பாவே கடைசியில் உள்ளானைப் பார்த்தால் நின்று எண்ணிவிட்டு வருவாரே தவிர, துப்பாக்கியை எடுப்பதில்லை.

அவர் போனபின் அண்ணன் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். பிஸ்கட் டின்னில் மருந்தில்லாத வெறுங்கூடுகள் நாலைந்து கிடந்தன, அடிப்பித்தளை பச்சை பூத்து. சின்ன வயதில் அதை உதட்டில் வைத்து ஊதி விளையாடியவர்கள் நாங்கள். ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தேன், சத்தம் வந்தது.