புஷ்பக்: நின்றால் கெடும் சிறு விமானம்

இராமாயணத்துப் புஷ்பக விமானத்தை யாரும் கழற்றிப் பூட்டியதாகக் கதையில்லை. அந்தப் பெயரைத் தாங்கி, பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் உருவான புஷ்பக்கின் கதை வேறு. வி. எம். கட்டகே வடிவமைத்த இவ்விமானம் 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலாகப் பறந்தது. அருகருகே இரு இருக்கைகள், உடலுக்கு மேலே பொருத்திய இறக்கை, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், மேலே துணிப்போர்வை. சுமார் 160 விமானங்கள் கட்டப்பட்டுப் பெரும்பாலும் பறத்தல் கழகங்களுக்குச் சென்றன. ஒரு தலைமுறை விமானிகள் அவற்றில்தான் கைபழகினர்.

கழகங்களில் பறக்கும் நேரம் குறைந்து, விமானங்கள் கொட்டகையில் நிற்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஓடாத எஞ்சின் தேயாது என்று நினைப்பது இயல்பு, உண்மை நேர்மாறானது. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் ஒரு பங்கு எஞ்சின் எண்ணெயில் கலந்து, நாளடைவில் அமிலமாகிறது. உருளைகளின் சுவரிலிருந்து எண்ணெய் வடிந்தபின் அங்கே துரு பிடிக்கும். செஸ்னா 172 போன்றவற்றில் உள்ள லைகமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேற்பகுதியில் இருப்பதால் அதுவும் விரைவில் உலர்ந்துவிடும். கான்டினென்டலில் அது கீழே இருப்பது புஷ்பக்குக்கு ஓரளவு நல்லூழ்.

நல்லெண்ணத்தில் செய்யும் இரண்டு காரியங்கள் கேட்டைக் கூட்டுகின்றன. ஒன்று, வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவது; எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் அது துடைத்தெடுத்துவிடும். மற்றது, தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது. அந்தச் சூட்டில் பழைய நீர் ஆவியாகாது, புதிய நீர்தான் சேரும். எண்ணெய் நன்கு சூடேறும்வரை வானில் பறப்பதே மருந்து. ஒரு மாதத்துக்கு மேல் பறக்க வழியில்லையென்றால், காப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அடைப்பான்களைப் பொருத்தி எஞ்சினை முறையாக உறங்கவைக்க வேண்டும். வேகம் காட்டும் பிட்டோ குழாயில் குளவி கூடு கட்டும். அதற்கு உறை போடவேண்டும். துணியை வெயில் நைந்துபோகச் செய்யும். இதனால்தான் ஆய்வுகளுக்குப் பறந்த மணிக்கணக்கோடு நாட்கணக்கும் வகுக்கப்பட்டிருக்கிறது.

சேலம் விமான நிலையம் சேர்வராயன் மலைத்தொடருக்கு மேற்கே, காமலாபுரத்தில் உள்ளது. 1993-இல் திறக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பயணிகள் சேவையின்றிக் கிடந்த அங்கு, 2018 மார்ச் 25 அன்று உடான் திட்டத்தில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. பயிற்சி விமானப் பள்ளிகளுக்குத் தெரிவான நிலையங்களில் அதுவும் ஒன்று. சமவெளியில் எஞ்சின் நின்றால் ஏதாவது ஒரு வயல் கிடைக்கும். ஏற்காட்டுப் பக்கம், 1,600 மீட்டர்வரை உயரும் மலையில், கீழே காப்பித் தோட்டமும் பாறைச் சரிவும்தான்.

ஆகவே புறப்படுமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை வடித்துப் பார்ப்பது வெறும் சடங்கல்ல. நீர் கனமானது, அடியில் குமிழாகத் தங்கும். ஆனால் குவளை முழுவதும் நீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது. தெளிவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். இன்றைய 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் உண்டு. குவளையில் அந்த நீலம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.