போர்விமானங்களை எழுப்பிய சப்தம்

சித்தூரிலிருந்து பலமனேர், முளபாகல், கோலார் வழியாகப் பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில், கோடைக்காலத்தில் மாங்காய் ஏற்றிய வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் பங்காருபாளையம், விமான நிலையம் இருந்த ஊரன்று. ஆயினும் தேசப்படத்தை விரித்துச் சென்னையையும் பெங்களூரையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு, அந்தக் கோடு இவ்வூருக்குச் சற்றே தெற்கில் ஓடுவது புலப்படும். இரண்டாம் உலக மகா யுத்தத்தின் பிற்பகுதியில், சித்தூர் ஜில்லா இன்னும் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த அந்நாட்களில், இக்கோட்டின் கிழக்கு முனையில், செங்குன்றம் ஏரியில் காட்டலீனா என்னும் நீர்விமானங்கள் மிதந்துகொண்டிருந்தன. 1944-இல் பரங்கிமலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ஆம் ஸ்குவாட்ரன், நான்கு எஞ்சின்கள் கொண்ட லிபரேட்டர்களை வைத்துக்கொண்டு கடற்காவல் புரிந்தது. மேற்கு முனையில் வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை இருந்தது. அது 1943-இல் அமெரிக்க ராணுவ விமானப்படையின் நிர்வாகத்துக்கு மாறி, கீழ்த்திசைப் போர்முனையில் அடிபட்டும் தேய்ந்தும் வந்த விமானங்களுக்குச் சிகிச்சை செய்யும் பெரும் பணிமனையாகியிருந்தது. பழுதுபார்க்க வந்த காட்டலீனாக்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின.

ஏரியில் இறங்கும் காட்டலீனா, குண்டு வீசும் லிபரேட்டர், ஆளும் சாமானும் சுமக்கும் டக்கோட்டா என்று உருவத்திலும் தொழிலிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இம்மூன்றுக்கும் எஞ்சின் ஒரே குடும்பத்தது. அமெரிக்காவின் பிராட் அண்டு விட்னி கம்பெனியார் செய்த ட்வின் வாஸ்ப் அது: இரண்டு வரிசைகளில் வட்டமாக அமைந்த 14 சிலிண்டர்கள், சுமார் 30 லிட்டர் கொள்ளளவு, 1,200 குதிரைச் சக்தி. 1,73,000-க்கும் மேற்பட்டு உற்பத்தியான இந்த எஞ்சினைவிட அதிக எண்ணிக்கையில் வேறொரு பெரிய விமான எஞ்சின் செய்யப்பட்டதாகச் சொல்வது கடினம். ஆகவே யுத்தகாலத் தென்னிந்தியாவின் ஆகாயத்துக்கென்று ஒரு சப்தம் இருந்ததானால், அது பெரும்பாலும் இதன் சப்தமே என்பது என் அபிப்பிராயம். பறக்கும்போது எழும் இரைச்சலைப் பற்றி எழுதினவர்கள் பலர். எஞ்சினை எழுப்பும்போது கேட்கும் சப்தமோ, தரையில் நின்ற மெக்கானிக்குகளின் சொத்தாக இருந்து, அவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சப்தத்தைப் புரிந்துகொள்ள, மின்சாரம் வராத காலத்தில் நம் கிணற்றடிகளிலும் கரும்பாலைகளிலும் ஓடிய ஆயில் எஞ்சினை நினைத்துக்கொண்டால் போதும். வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரை உயர்த்தி, ஹேண்டிலைப் போட்டு, கனத்த சக்கரத்துக்கு வேகம் பிடிக்கும்வரை பலங்கொண்ட மட்டும் சுற்றி, பிறகு சட்டென்று லீவரை விழவிட்டால், சக்கரம் சேமித்துவைத்த வேகமே பிஸ்டனை அமுக்கி எஞ்சினை உயிர்ப்பிக்கும். டக்கோட்டாவின் இனர்ஷியா ஸ்டார்ட்டரும் இதே தத்துவத்தைப் பின்பற்றியதே. விமானி முதலில் ஒரு விசையை அழுத்துவான், விசிறி அசையாது. உள்ளே ஒரு சிறு சக்கரம் சுழலத் தொடங்கி, தாழ்ந்த முனகலாகப் புறப்பட்டு, விநாடிக்கு விநாடி சுருதி ஏறி, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளையும் கடந்து, காதைத் துளைக்கும் ஊளையாக முடியும். அப்போது அவன் இரண்டாவது விசையை அழுத்த, கியர்கள் ஒன்றோடொன்று பொருந்தும் 'டங்' என்ற ஓசை கேட்கும். ஏறிய சுருதி சரசரவென்று இறங்கும். அந்த இறக்கத்தின் விலையாக விசிறி தயங்கித் தயங்கித் திரும்பும். இத்தனை அலகுகள் கடந்தன என்று எண்ணிய பிறகே தீப்பொறிக்கான ஸ்விட்ச் போடப்படும். ஒரு சிலிண்டர் இருமும். அடுத்தது மௌனம் சாதிக்கும். மூன்றாவது புகையைக் கக்கும். இரவெல்லாம் கீழ்ச் சிலிண்டர்களில் வடிந்து தேங்கிய எண்ணெய் நீலவெண் புகையாக எரிந்து தீரும்வரை அந்தத் தாறுமாறான தாளம் நீடித்து, பின்னர் பதினான்கும் ஒருங்கே சேர்ந்து ஒரே கம்பீரமான உறுமலாகும். பாட்டரி தளர்ந்துவிட்டாலோ, அந்தச் சிறு சக்கரத்தைக் கைப்பிடி போட்டு மனிதர்களே சுற்ற வேண்டும். ஏறும் சுருதியோடு அவர்களுடைய மூச்சிரைப்பும் சேர்ந்து ஒலித்திருக்கும்.

எல்லா விமானங்களுக்கும் இதே முறை என்று எண்ணிவிடலாகாது. பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் இருந்த பயிற்சிப் பள்ளிகளில் இளைஞர்கள் முதன்முதலாக ஏறிய டைகர் மாத்துக்கு ஸ்டார்ட்டரே கிடையாது. ஒருவர் முன்னால் நின்று விசிறியின் அலகைக் கையால் வீசித் திருப்ப வேண்டும். மாக்னெட்டோவில் 'டக்' என்று ஒரு சின்னச் சொடுக்கு, உடனே நான்கு சிலிண்டர்களின் மெல்லிய படபடப்பு, அவ்வளவே. ஹார்வர்டு பயிற்சி விமானத்தில் பாதத்தால் மிதிக்கும் பெடல் ஒன்று உண்டு: குதிகாலால் அழுத்தினால் சக்கரம் வேகம் பிடிக்கும், முன்பாதத்தால் அழுத்தினால் எஞ்சினோடு பொருந்தும். 1947-48 காஷ்மீர் யுத்தத்தில் நம் விமானப்படை செலுத்திய டெம்பெஸ்ட் விமானங்களின் 18 சிலிண்டர் சென்டாரஸ் எஞ்சினுக்கோ துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றை வெடிக்கச் செய்து, அதன் வாயுவின் விசையால் எஞ்சினைத் திருப்பும் காஃப்மன் முறை. அங்கே முனகலுக்கு இடமில்லை, ஒரே வெடி, பற்றினால் பற்றியது, இல்லையேல் அடுத்த தோட்டா. தோட்டா வழக்கம் ஜெட் காலத்திலும் நம்மிடையே வெகுகாலம் தங்கியிருந்தது: 1957 முதல் 2007 வரை நம் படையில் இருந்த கான்பெரா விமானங்கள் கரும்புகையைக் கக்கிக்கொண்டு எழும்பின கோலத்தைப் பெங்களூர், ஆக்ரா, பூனா நகரங்களில் பணிபுரிந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இத்தனை வேற்றுமைகளையும், பறக்கும் பாக்கியம் கிட்டாத நம்மனோர்க்குக் கேட்பிக்க வல்லது இன்று கம்ப்யூட்டரில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டர் ஒன்றே. தரையிலிருந்தபடியே விமானம் ஓட்டக் கற்பிக்கும் யோசனை புதிதன்று. 1929-இல் எட்வின் லிங்க் என்பவர், தம் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளையே கொண்டு, சாய்ந்தும் நிமிர்ந்தும் ஆடும் ஒரு பயிற்சிப் பெட்டியை அமைத்தார். வாத்தியக் கலைஞரின் கையில் பிறந்த கருவி, சப்தத்தில் மட்டும் இவ்வளவு காலம் பின்தங்கியது ஒரு விசித்திரம். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் சிமுலேட்டர் 1982-இல் வந்தது. பின்வந்த பதிப்புகளில் ஸ்டார்ட்டரின் ஓசைக்கு ஒரு கோப்பு, எஞ்சின் பற்றும் ஓசைக்கு ஒன்று, நிற்கும் ஓசைக்கு ஒன்று என்று வகுத்திருந்தார்களே தவிர, விசிறி அசையாமலே சக்கரம் மட்டும் சுருதி ஏறும் அந்த அரை நிமிஷத்துக்கு வெகுகாலம் இடமே வைக்கவில்லை; விசையைத் தொட்டால் விசிறி உடனே சுற்றும். இலவசமாகவும் விலைக்கும் பழைய விமானங்களைச் செய்து கொடுத்த ஆர்வலர்களில் பலர், ஒரே ஒலிப்பதிவை எல்லா விமானங்களுக்கும் ஒட்டவைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். கையால் வீசித் திருப்ப வேண்டிய விமானத்தில் மின்சார மோட்டார் முனகுவதைக் கேட்டு நொந்துகொள்வது ரஸிகர்களுக்குப் பழகிப்போன விஷயம். வேறு சிலர் சரித்திரத்தில் சிரத்தையோடு, சக்கரம், கியர், பற்றும் ஓசை, புகைபோக்கி ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்து அடுக்கினார்கள். 2022 நவம்பரில் அதே கம்பெனி தன் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் டி.சி.-3 விமானத்தையும் சேர்த்தது. அதுதான் நம் டக்கோட்டாவின் மூலவடிவம்.

ஆனால் பதிவு செய்யக் கருவி இருந்தாலும் சப்தம் கிடைக்க வேண்டுமே! இன்று உலகில் பறக்கும் பழைய விமானங்கள் பலவற்றில், சக்கரத்தைச் சுழற்றிக் காத்திருக்கும் ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, எஞ்சினை நேரே திருப்பும் மோட்டாரைப் பொருத்தியிருக்கிறார்கள். பராமரிப்பவர்களைக் குறைசொல்வதற்கில்லை, உதிரி பாகம் கிடைப்பதும் பத்திரமாகப் பறப்பதுமே அவர்களுக்கு முக்கியம். ஆயினும் அத்தகைய விமானத்தின் அருகே எத்தனை உயர்ந்த மைக்கை வைத்தாலும் 1944-இன் சப்தம் அதில் விழாது.

இவ்விஷயத்தில் இந்தியாவுக்குத் தனி உரிமை உண்டு என்பதற்கு லிபரேட்டர்களின் கதையே சாட்சி. யுத்தம் முடிந்ததும், மீண்டும் எவரும் ஓட்டிவிடக் கூடாதென்று பிரிட்டிஷார் உடைத்தும் சிதைத்தும் கான்பூரில் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர்களை, பெங்களூர்த் தொழிற்சாலையினர் ஒன்றுக்கொன்று பாகங்களைக் கொடுத்தும் வாங்கியும் பறக்குமளவுக்குத் தேற்றினார்கள். ஜிம்மி முன்ஷி என்னும் சோதனை விமானி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தார். தேறாது என்று தள்ளப்பட்ட நான்கு எஞ்சின்களை ஒவ்வொன்றாக அவர் எழுப்பிய அந்தக் காலை வேளைகளின் ஓசை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். அவ்விமானங்களைக் கொண்டே 1948 நவம்பரில் நம் 5-ஆம் ஸ்குவாட்ரன் அமைந்தது. கடற்காவல் பணியில் 6-ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் 1968 வரை பறந்தன. பிறகு அவற்றில் ஒன்று லண்டனின் விமானப்படை மியூசியத்துக்கும், ஒன்று அமெரிக்காவின் பீமா மியூசியத்துக்கும் பறந்தே போய்ச் சேர்ந்தன; இன்னொன்று அமெரிக்காவின் காலிங்ஸ் அறநிலையத்தாரிடம் போய், 1989-இல் மீண்டும் ஆகாயம் ஏறியது. உலகம் லிபரேட்டரின் குரலைப் பிற்காலத்தில் கேட்டதில் நம் தொழிலாளர்களுக்கு இவ்வளவு பங்கு இருந்தும், நம் பணிமனைகளில் எழுந்த அந்தக் குரலை நம் ரஸிகர்கள் கேட்பதற்கு வழியில்லை.

2018-இல் ராஜீவ் சந்திரசேகர் வாங்கிப் புதுப்பித்து அளித்த 'பரசுராமா' என்னும் டக்கோட்டா, டில்லிக்கு அருகே ஹிண்டன் விமான தளத்தைச் சேர்ந்த விமானப்படையின் பழம்விமானப் பிரிவில் டைகர் மாத், ஹார்வர்டு ஆகியவற்றோடு இடம்பெற்றிருக்கிறது. இம்மூன்று விமானங்களின் எஞ்சின்களும் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, சூடேறியிருக்கும்போது ஒருமுறை, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் முறையாக ஒலிப்பதிவு செய்து, எந்த ஸ்டார்ட்டரைக் கொண்டு எழுப்பினார்கள் என்ற குறிப்போடு விமானப்படையார் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். பெங்களூரில் உள்ள ஹெச்.ஏ.எல். விமான மியூசியத்தார், முதிய மெக்கானிக்குகள் உள்ளபோதே அவர்களை அழைத்து அப்பதிவுகளைக் கேட்கச் செய்து, எது சரி, எது பிசகு என்று எழுதி வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.