பென்சில் கீற்றும் படிகத் தராசும்

வானொலிக் கருவிகளுக்கான குவார்ட்ஸ் படிகத்தைக் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குத் தேய்த்துக் கொண்டுவருவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு தேய்ப்பு கூடிப்போனால் படிகம் மெலிந்து அதிர்வெண் எகிறிவிடும். அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். படிகத்தின் முகத்தில் பென்சிலால் லேசாக ஒரு கீற்று இழுத்தால், ஒட்டிய கிராஃபைட்டின் கனத்தில் அதிர்வெண் சற்று இறங்கும். ஒட்டியது எவ்வளவு என்று அவர்களுக்குக் கவலையில்லை.

அந்தக் கவலையைப் பட்டவர் பெர்லினில் இருந்த குந்தர் சௌவர்பிரே. அதிர்வெண் இறங்கும் அளவைக் கொண்டே ஒட்டிய பொருளை நிறுத்துவிடலாம் என்று 1959இல் அவர் வெளியிட்ட கட்டுரை காட்டியது. 6 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12.3 நானோகிராம் ஏறியிருக்கிறது. அலுமினியமானால் அது அரை ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான தடிமன். குன்றிமணி வைத்து நிறுத்த பொற்கொல்லர் இந்தத் தராசைக் கண்டிருந்தால் நம்பியிருக்கவே மாட்டார்.

இந்தத் தராசு வருவதற்கு முன், பொருளை ஆவியாக்கிப் படலமாகப் படியவிடும் வெற்றிடப் பூச்சு பெரும்பாலும் கண்ணையும் கைப்பழக்கத்தையும் நம்பியே நடந்தது. 1935இல் ஜான் ஸ்ட்ராங் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலக் கண்ணாடிக்கு அலுமினியம் பூசியபோது படிகத் தராசு கிடையாது. லென்ஸ்களுக்கு மக்னீசியம் ஃப்ளூரைடு பூசியவர்கள், எதிரொளியில் ஊதா நிறம் தட்டியதும் நிறுத்தினார்கள். தேர்ந்த கண்ணுக்கு அது போதும்தான். ஆனால் அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு அந்தக் கண்ணைக் கொடுத்துவிட்டுப் போக முடியாதே!

சௌவர்பிரேயின் சூத்திரத்தில் ஒரு சலுகை ஒளிந்திருந்தது. ஒட்டிய படலத்தையும் குவார்ட்ஸ் போலவே அது பாவித்தது. அதிர்வெண் இரண்டு சதவீதம் இறங்கும்வரை பரவாயில்லை. அதற்கு மேல் படலத்தின் மீள்தன்மை குறுக்கிடும். 1972இல் லூ, லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் அதையும் கணக்கில் சேர்த்தார்கள். 1971இல் வந்த நுண்செயலி மலிவானபோது, அவர்களுடைய டான்ஜென்ட் கணக்கு, பூச்சை நடத்தும் கன்ட்ரோலருக்குள்ளேயே குடியேறியது.

இன்றைய கன்ட்ரோலரின் திரையில் இந்த வரலாறு எண்களாக நிற்கிறது. அடர்த்தி என்ற கட்டம் சௌவர்பிரேயுடையது: அலுமினியத்துக்கு 2.70, தங்கத்துக்கு 19.30. படலத்தின் மீள்தன்மையைக் கணக்கில் எடுக்கும் இசட் விகிதம் 1972இன் மிச்சம்: முறையே 1.08, 0.381. இரண்டில் அடர்த்திதான் ஆளைக் கவிழ்க்கும். தங்கத்தின் எண்ணை மாற்ற மறந்து அலுமினியத்தை ஏற்றினால், கருவி அமைதியாக ஏறக்குறைய ஏழு மடங்கு தடித்த படலத்தைப் பூசி முடித்திருக்கும். எச்சரிக்கை மணி அடிக்காது. அதன் கணக்கில் தவறே இல்லை.

பிறகு சூடேற்றும் படிகள். மின்சக்தி மெல்ல ஏற வேண்டும், உலோகம் உருகி அடங்கச் சிறிது நேரம் நிற்க வேண்டும், அதன்பின்பே ஆவியை மறைத்து நிற்கும் ஷட்டர் திறக்கும். அவசரப்பட்டால் உருகிய துளிகள் தெறிக்கும். ஷட்டர் திறந்த கணத்தில் படிகத்தின் மீது வெப்பம் பாய்வதால் அதிர்வெண் துள்ளும். அதைப் பூச்சு வேகம் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டால் மின்சக்தியை வீணாக ஆட்டும். படிகத்தைத் தாங்கும் சென்சாருக்குள் குளிர்நீர் ஓடுவது இதை அடக்கத்தான்.

டூலிங் எண்ணை மட்டும் எந்தச் சூத்திரமும் தந்துவிடாது. படிகம் ஓரிடத்தில், பூச வேண்டிய கண்ணாடி வேறிடத்தில். இரண்டின் மீதும் ஆவி ஒரே அளவில் விழுவதில்லை. 100 என்று வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். திரை 1000 ஆங்ஸ்ட்ராம் காட்டி, கண்ணாடியில் இருப்பது 1150 என்றால் டூலிங் 115. அந்த 1150ஐ அளக்கப் படலத்தில் ஒரு படிக்கட்டு வேண்டும். அதற்காகப் பூசுவதற்கு முன் சோதனைக் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைக்கிறார்கள். பிறகு அசிட்டோனில் கழுவினால் கோடும் அதன் மேல் படிந்த உலோகமும் சேர்ந்து போய்விடும். மிஞ்சிய விளிம்பின் மேல் அளவுகருவியின் ஊசி ஏறி இறங்கும்.