மூன்றால் பெருக்கிய வறுமை

அமெரிக்காவில் யார் ஏழை என்பதை இன்னிக்கும் 1955-ம் வருஷத்துச் சமையலறைதான் முடிவு செய்கிறது. அந்த வருட சர்வேயில் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. அதை வைத்து 1960-களில் மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர், சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். வறுமைக்கோடு பிறந்தது. பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்றினார்களே தவிர, ஃபார்முலா அடிப்படையில் அப்படியேதான் இருக்கு. (பழைய புரோகிராமில் கை வைக்க எங்க ஆட்களும் பயப்படுவாங்க!) இன்று சாப்பாட்டின் பங்கு சுருங்கி, வாடகையும் வைத்தியச் செலவும் எங்கேயோ போய்விட்டன.

பியூ ஆய்வு மையக் கணக்கில் 1971-ல் நடுத்தர வர்க்கம் 61%, 2021-ல் 50%. மேலே போனவர்களும் உண்டு. கீழ் வருமானப் பிரிவு 25-லிருந்து 29% ஆனது. அதே 2021-ல் அரசு சொன்ன ஏழைகள் 11.6%. அளவுகோல் வேறுதான், ஆனாலும் இடைவெளி பெரிசு. உணவு உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் தகுதி பார்ப்பது இந்தக் கோட்டை வைத்துத்தான்.