கிரேக்க உரோம வரலாறும் மாணவர் நாடவேண்டிய சான்றுகளும்

வரலாறு கற்பார்க்கு முதற்கண் வேண்டுவது சான்றறியும் ஆற்றலாகும். கணிதத்தில் ஒரு தேற்றத்தை யார் கூறினும் அதன் மெய்ம்மை மாறுவதில்லை. வரலாற்றிலோ, ஒன்றைக் கூறியவர் யார், எக்காலத்தவர், அதனை எவ்வாறு அறிந்தார் என்பவை தெளிந்தாலன்றி அக்கூற்றின் பெறுமதி விளங்காது. நமக்கு இடத்தாலும் காலத்தாலும் மொழியாலும் சேய்மைப்பட்ட கிரேக்க உரோம வரலாற்றைப் பரீட்சைக்கு எடுக்கும் மாணவர்க்கு இவ்வுண்மை மிகவும் பொருந்துவதாகும்.

ஆங்கிலமே பயிற்றுமொழியாயிருந்த காலத்தில் இலங்கையின் பெருங்கல்லூரிகள் சிலவற்றில் இலத்தீனும் கிரேக்கமும் மொழிகளாகவே கற்பிக்கப்பட்டன. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மேனாட்டுச் செம்மொழிகளுக்கெனத் தனித்துறை இருந்தது; ஜே. எல். சி. றொட்றிகோ அதன் பேராசிரியராக விளங்கினார். பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தபோது அக்கல்வியும் மலைநாட்டை அடைந்தது. பின்னர்த் தாய்மொழிக் கல்வி பரவவே, மூலமொழி பயிலாது நாகரிகத்தை மட்டும் பயிலும் வழி பெருகியது. இன்று க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் கலைப்பாடங்களுள் கிரேக்க உரோம நாகரிகமும் ஒன்று.

இம்மாற்றத்தால் பலர்க்குக் கதவு திறந்தது. எனினும் தமிழிற் கற்போர்க்கு ஓர் இடர் உண்டு. மூலநூல்களின் தமிழாக்கங்கள் மிகச் சில. ஆதலின் ஒருவர் எழுதிய குறிப்பை மற்றொருவர் சுருக்க, அச்சுருக்கத்தைப் பிறிதொருவர் படியெடுக்க, இறுதியில் மாணவர் கையை வந்தடைவது நிழலின் நிழலே. அதனை மனனஞ் செய்து சித்தியடைதல் கூடும். ஆயின் ஒரு கூற்றை நம்பலாமா, தள்ளலாமா எனத் தீர்மானிக்கும் ஆற்றல் அதனால் வளராது. அவ்வாற்றலை இழந்து பெறும் சித்தி குறையுடையதே.

இனி, கண்டி மாத்தளைப் பெருவீதியில் அமைந்த அக்குறணை போன்ற ஊரொன்றில் இப்பாடத்தைக் கற்கும் மாணவர் எவற்றை நாடலாம் என்று நோக்குவோம். முதலாவது, பாடத்திட்டமும் கடந்தகால வினாத்தாள்களும். இவை எதனைக் கற்கவேண்டும் என்னும் எல்லையை வகுப்பன. கற்கவேண்டிய பொருளை இவற்றிற் காணமுடியாது. இரண்டாவது, தொடர்ச்சியாகக் கதை கூறும் பொதுவரலாறு. வெ. சாமிநாத சர்மாவின் ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’ என்னும் நூலும், ‘பிளேட்டோவின் அரசியல்’ என்னும் மொழிபெயர்ப்பும் தமிழர்க்குக் கிடைத்த நல்ல துணைகள். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் ஆங்கிலப் பாடநூல்கள் பலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டது. இத்தகைய பழைய ஈழத்து வெளியீடுகளைத் தேட, 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் பெரிதும் உதவும்.

மூன்றாவதும் தலையாயதும் மூலச்சான்று. ஜேம்ஸ் லோப் என்பவர் 1911இல் நிறுவிய லோப் நூல்வரிசையில் ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமும் அமைந்திருக்கும். கிரேக்க நூல்கள் பச்சை அட்டையிலும் இலத்தீன் நூல்கள் சிவப்பு அட்டையிலும் வருவன. 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய பெர்சியஸ் எண்ணிம நூலகம் இவ்வகை மூலங்களை இலவசமாகவே வழங்குகின்றது. ஆங்கிலத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது ஆசிரியர் துணையுடன் படித்தல் நன்று.

மூலச்சான்றுகளும் ஒரே தரத்தன அல்ல. தூசிடிடீஸ் தாம் எழுதிய போரிற் படைத்தலைவராக நின்றவர். ஏதென்சைப் பீடித்த கொள்ளைநோயிற் படுத்தெழுந்தவர். லிவியோ, தமக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோமாபுரியின் தோற்றத்தை எழுதினார். முன்னவர் கண்டவர், பின்னவர் கேட்டவர். இருவரையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் தகாது.

சான்றை ஆராயும் முறைக்கு நம் நாட்டைப் பற்றிய செய்தியொன்றே சிறந்த பயிற்சியாக அமைகின்றது. உரோமப் பேரறிஞர் பிளினி, கி. பி. 77இல் முடித்த தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலின் ஆறாம் பகுதியில் தப்ரபேன் என வழங்கிய இலங்கையைப் பற்றி விரித்துரைக்கின்றார். செங்கடலின் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவன், அரேபியாவைச் சுற்றி மரக்கலம் செலுத்துகையிற் காற்றினால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்பூரோஸ் துறைமுகத்தை அடைந்தான். ஆறு திங்கள் அரசனின் விருந்தினனாயிருந்து மொழி பயின்றான். அவனிடமிருந்த உரோம வெள்ளிக்காசுகள் பல்வேறு மன்னர் உருவந் தாங்கியும் ஒரே நிறையினவாயிருத்தல் கண்டு அரசன் வியந்து, ராக்கியாஸ் என்பவரின் தலைமையில் நால்வரைத் தூதனுப்பினான். இது கிளாடியஸ் ஆண்ட காலத்தில், அஃதாவது கி. பி. 41க்கும் 54க்கும் இடையில், நிகழ்ந்ததெனப் பிளினி குறிக்கின்றார்.

இச்செய்தியை மூவகையாற் சோதிக்கலாம். முதலாவது சாசனம். எகிப்தின் கிழக்குப் பாலைநிலத்து வணிகவழியிலுள்ள பாறையொன்றில் புளோக்காமஸின் அடிமை லைசாஸ் என்பவன் கி. பி. 6இல் பொறித்த எழுத்துக்கள் 1953இல் அறிஞருலகிற்கு வெளியிடப்பட்டன. புளோக்காமஸ் கற்பனையல்லர் என்பது இதனால் உறுதியாகின்றது. ஆயினும் சாசனக் காலத்திற்கும் கிளாடியஸின் ஆட்சிக்கும் முப்பத்தைந்து ஆண்டுகள் இடைவெளி உண்டு. பயணம் முன்னரே நிகழ்ந்ததோ, அப்பெயர் குடும்பத்தில் வேறொருவரையுங் குறித்ததோ என்னும் ஐயம் எழுகின்றது.

இரண்டாவது நாணயம். ஒகஸ்தஸ், தைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக்காசுகள் தமிழகத்தின் கொங்குநாட்டிற் புதையல்களாகக் கிடைத்துள்ளன. இலங்கையிலோ கிடைத்த உரோமக் காசுகளிற் பெரும்பாலானவை நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளின் செப்புக்காசுகள். ஆகவே, ஒரு தூது சென்றதைக் கொண்டு அந்நாளிலேயே பெருவணிகம் நேராக நடைபெற்றதென முடிவு கட்டலாகாது.

மூன்றாவது நம் கண்ணே. இலங்கைத் தூதர் உரோமாபுரியிற் சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகை மீன்களையும் புதியதொரு வானத்திற் கண்டதுபோல் வியந்தனர் என்கின்றார் பிளினி. அவ்விரண்டும் இலங்கையிலும் தெளிவாகத் தோன்றுவன. கார்த்திகை மீனைக் காண அக்குறணை மாணவர் நூல்நிலையத்துக்குச் செல்லவேண்டியதில்லை; முற்றத்தில் நின்று வானை நோக்கினாற் போதும். உரோமாபுரியின் பேரறிஞர் ஒருவரின் கூற்றைச் சரிபார்க்கும் தகுதி அம்மாணவர்க்கு உண்டு என்பது இங்கே புலனாகின்றது. தவறு தூதரிடத்தோ, மொழிபெயர்த்தவரிடத்தோ, கேட்டெழுதியவரிடத்தோ எனச் சிந்திப்பதே வரலாற்றுக் கல்வி.

ஹிப்பூரோஸ் என்பது குதிரைவால் எனப் பொருள்படுதலின், அதனை இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள குதிரைமலையென அறிஞர் சிலர் கொண்டனர். இக்கருத்து நயமுடையது, எனினும் பெயரொப்புமை மட்டும் சான்றாகாது. பேராதனைப் பேராசிரியர் டி. பி. எம். வீரக்கொடி 1997இல் வெளியிட்ட ‘தப்ரபேன்’ என்னும் ஆங்கில நூல், இலங்கையைப் பற்றிக் கிரேக்கரும் உரோமரும் எழுதியவற்றை ஆராய்கின்றது. ஒரு சான்றை எவ்வாறு அணுகுவது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

பரீட்சை மண்டபத்தில் இம்முறை பெரிதும் பயன்படும். ‘உரோமர் இவ்வாறு செய்தனர்’ என எழுதும் மாணவர் பலர். ‘இவ்வாறு செய்தனரென இன்னார் கூறுகின்றார்; அவர் நிகழ்ச்சிக்கு இத்துணை ஆண்டு பிற்பட்டவர்; சாசனம் இதனை ஆதரிக்கின்றது, நாணயம் ஆதரிக்கவில்லை’ என எழுதுவோர் சிலர். பின்னவரின் விடையில் ஆராய்ச்சி உண்டு; வினா எவ்வாறு திரும்பினும் அவர் தடுமாறார்.

ஆதலின் மாணவர் தம் குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் அருகே கூறியவர் பெயரையும் அவர் காலத்தையும் குறிக்கும் வழக்கத்தை மேற்கொள்வாராக. ஆசிரியர்கள் தவணைக்கு ஒரு மூலப்பகுதியையாவது தமிழாக்கி வகுப்பில் வைப்பார்களாக. ஆண்டுதோறும் சேரும் அச்சிறு பகுதிகள் பத்தாண்டில் நூலொன்றாகும். தமிழில் நூலில்லையெனப் பின்வரும் மாணவர் வருந்தாதிருக்க அதுவே வழி.